மூன்றாம் எண் உலையின் செங்கல்

காலையில் ஆய்வு நிலையத்துக்கு வந்ததும் பியோ சுனிம் ஒரு காப்பிப் பொட்டலத்தைக் கிழித்துக் காகிதக் கோப்பையில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அந்தப் பொட்டல உறையாலேயே கலக்குவாள். கலக்கிக்கொண்டே இன்னொரு கையால் கணினியைத் திறந்து, பேராசிரியர் மேங் க்யூ-சிக் எழுதிய ஒரு கட்டுரையை நேற்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஒருவர், இருவர், சில நாள் ஐந்து பேர். பார்த்த பிறகுதான் காப்பி தொண்டையில் இறங்கும். பதினைந்து வருடமாக ஒரு வேலைநாள் தவறியதில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள்கூட இத்தனை ஒழுங்காக இருக்க மாட்டார்கள்.

பேட்டரிப் பொருள் ஆராய்ச்சியில் ஒருவரை ஒருவர் அளந்துகொள்வது அந்த எண்ணால்தான். பின்னால் வந்தவர்கள் தங்கள் கட்டுரையின் அடியில் எத்தனை முறை உன் பெயரை எழுதினார்கள்? கல்யாணத்தில் எத்தனை பந்தி ஓடியது என்று கேட்பதுபோலத்தான். மேங்கின் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் 2023 ஆகஸ்டு முதல் வாரத்தில் 9,846. சுனிம் வாழ்நாளில் எழுதிய அத்தனைக்கும் சேர்த்து 611.

மேங்கின் அந்தக் கட்டுரையில் இருந்த தூளைச் சுட்டது சுனிம். அந்தக் கட்டுரையில் அவள் பெயர் இருக்கும் இடம் கடைசி வரி. நன்றி சொல்கிற வரி.

ஆகஸ்டின் அந்த வாரம்தான் கைபேசியில் அழைப்பிதழ் வந்தது. பேராசிரியர் மேங் இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி பணி ஓய்வு பெறுகிறார், பழைய மாணவர்கள் அனைவரும் வந்து வணங்கி வாழ்த்துப் பெற வேண்டும், அதற்கடுத்த திங்களன்று ஆய்வகம் காலி செய்யப்படும். சுனிம் கடைசிச் சொற்களை மட்டும் நான்கு தடவை படித்தாள். ஆய்வகம் காலி செய்யப்படும். ஏழு வருடமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

சுனிம் முவான் பக்கத்துப் பெண். செம்மண்ணும் கடல்காற்றும் வெங்காயமும் உள்ள ஊர். அப்பா பியோ மான்-சொப்புக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். எட்டு வயதிலேயே வெங்காயத் தாள் அரிந்து பழகிய கை சுனிமுடையது. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். கல்லூரி முடித்து, தேஜோனில் மேங்கின் ஆய்வகத்தில் முதுகலைக்குச் சேர்ந்தபோது வருடம் 2001.

அங்கே ஆண்பிள்ளைகளை மேங் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சுனிமை மட்டும் ‘மிஸ் பியோ’ என்பார், டீக்கடையில் கோப்பை கொண்டுவரும் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த அழைப்புக்கு அவள் திரும்பிப் பார்ப்பதை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள். பழகாதது உலை வரிசை.

ஆய்வகத்தில் மூன்று உலைகள். பேட்டரியின் உயிர் என்பது, மூசை என்கிற பீங்கான் கிண்ணத்தில் வைத்து அந்த உலைகளில் சுட்டெடுக்கிற கறுப்புத் தூள். உலையைப் பயன்படுத்தப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், மூத்தவர்கள் முதலில். கடைசியாகச் சேர்ந்தவளுக்கு முறை வர மூன்று வாரம் ஆகும். அதனால் இளையவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். யாராவது இரக்கமுள்ள மூத்தவரின் மூசைக்குப் பின்னால், உலையின் ஆழத்தில், தங்கள் மூசையையும் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒரு உலையில் ஒரே பொருள்தான் வைக்க வேண்டும் என்பது மேங்கின் சட்டம். மீறியது தெரிந்தால் இருவரும் வெளியே. ஆகவே எல்லோரும் செய்தார்கள், யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.

2002 ஜூலை, மழைக்காலம். மூன்றாம் எண் உலையில் குக் சாங்-ஹோவின் முறை. சுனிமைவிட மூன்று வருடம் மூத்தவன், வாயில் எப்போதும் ஒரு கேலி. அவன் ஏதோ கண்ணாடி உருக்கிக்கொண்டிருந்தான். சுனிமின் மூசைக்குத் தன் மூசையின் பின்னால் இடம் கொடுத்தான். “உள்ள தள்ளு. மாட்டினா நீ யாருன்னே எனக்குத் தெரியாது,” என்றான்.

அந்தத் தூளை வைத்துச் சுனிம் நாற்பது செல் செய்தாள், நாணயம் அளவுக்கு. மின்னேற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி. அந்த வகைத் தூள் இருநூறு தடவைக்குள் பலம் இழந்து செத்துவிடும். இது முந்நூறு தாண்டியது, நானூறு தாண்டியது. ஐந்நூறாவது தடவையில் முதல்நாள் போலவே நின்றது. மேங் தானே வந்து திரையின் முன் நின்று, எப்படிச் சுட்டாய் என்று கேட்டார். பதிவேட்டில் உள்ளதைச் சுனிம் சொன்னாள். இத்தனை வெப்பம், இத்தனை மணி, கதவைத் திறக்காமல் மெதுவாக ஆற விட்டேன். மூசை இரண்டு இருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாங்-ஹோவின் படிப்பு போகும். அது ஒரு பொருட்டு என்று அவளுக்கு அப்போது தோன்றவும் இல்லை.

மெதுவாக ஆறியதுதான் காரணம் என்று மேங் முடிவு செய்தார். அதைச் சுற்றி ஒரு கொள்கையே கட்டினார். முதல் வரைவை எழுதியது சுனிம். முதல் பெயர் உன்னுடையது என்று 2003 மார்ச்சில் அவர் வாயாலேயே சொன்னார். அன்று மாலையே அவள் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அப்பா ஊர்த் தலைவரிடம் சொன்னார்.

அந்த ஊர்ப்பக்கம் பிள்ளைகள் பெரிய பரீட்சை தேறினாலோ, பட்டம் வாங்கினாலோ, ஊர் நுழைவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே துணி கட்டுவார்கள். ஜூன் மாதம் கட்டுரை வருவதற்கு நான்கு நாள் முன்பே கட்டிவிட்டார்கள். ‘பியோ மான்-சொப்பின் இரண்டாம் மகள் சுனிமின் பெயர் உலக அறிவியல் இதழில் முதலிடம்.’ மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து.

இதழ் வந்தது. முதல் பெயர் தாக் ஜே-ஹுன், மேங்கின் செல்ல மாணவன். கடைசிப் பெயர் மேங். நடுவிலும் நான்கு பெயர்கள். சுனிமின் பெயர், தூள் தயாரிப்பில் உதவியதற்காக, நன்றி வரியில்.

சுனிம் அவர் அறைக்குப் போய்க் கேட்டாள். மேங்குக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளால் கடைசிவரை மறக்க முடியாதது.

“மிஸ் பியோ, ஜே-ஹுன் வெளிநாட்டு வேலைக்கு மனு போட்டிருக்கான், அவனுக்கு அவசியம். நீ நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிடுவே. உதவி பண்ணினவங்களுக்கு நன்றி சொல்றது நம்ம மரபு. நன்றியில பேர் வர்றது சின்ன மரியாதையா? எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லு?”

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனாள். நுழைவில் கம்பங்கள் மட்டும் நின்றன. பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார் இதழைக் கணினியில் தேடிப் பார்த்திருக்கிறார், பார்த்ததைச் சலூனில் சொல்லியிருக்கிறார். அப்பா ஏணி வைத்துத் தானே ஏறி அவிழ்த்திருக்கிறார். அது வெங்காயம் பிடுங்குகிற சமயம், தூறல் வேறு. வயல் ஓரத்தில் குவித்த வெங்காயத்தின் மேல் அந்தத் துணியை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்துக் கல் வைத்திருந்தார். ஈரத்தில் எழுத்து முதுகு வழியாகத் தெரிந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி. அப்பா ஒரு கல்லை நகர்த்தி வைத்தார். “வெங்காயம் நனையக் கூடாதுல்ல,” என்றார், அவ்வளவுதான்.

அங்கே, அந்தக் குவியலின் பக்கத்தில் நின்றுதான் சுனிம் நினைத்தாள். என் கையால் இந்த ஆளின் பெயரை எந்தக் கட்டுரையிலும் எழுத மாட்டேன். உலகமே எழுதட்டும். நான் எழுத மாட்டேன். எழுதுகிற நாள் வந்தால் அது அவரைப் புதைக்கிற நாளாக இருக்கும்.

முதுகலையோடு மேங்கிடமிருந்து வெளியேறினாள். அடுத்த வருடம் சாங்-ஹோவும் மேங்கோடு சண்டை போட்டுவிட்டுப் போனான். சுனிம் தேஜோனிலேயே ஓர் அரசு ஆய்வு நிலையத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படித்து, 2011-இல் டாக்டர் பட்டம் வாங்கினாள். மறுபடி துணி கட்டலாமா என்று அம்மா கேட்டபோது, அப்பா தலையை ஆட்டிவிட்டார். ஒரு தடவை கட்டி அவிழ்த்தது போதும்.

சபதம் சும்மா கிடைப்பதில்லை. அந்தத் தூளைப் பற்றி எழுதுகிற எவனும் மேங்கைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. சுனிம் எழுதினாள். கட்டுரை மதிப்பீட்டுக்குப் போகும், ‘மேங் 2003 ஏன் குறிப்பிடப்படவில்லை?’ என்று திரும்பி வரும். ஒரு தடவை அந்த மதிப்பீட்டாளர் மேங்கேதான் என்று எழுத்து நடையிலிருந்தே தெரிந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தால் பெரிய இதழில் வந்திருக்கும். அவள் கட்டுரையைத் திரும்பப் பெற்று, யாரும் படிக்காத சிறிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. கூட வேலை செய்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு வரிக்காக யாராவது வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார்கள். ஒரு வரியால்தான் கெட்டது என்று அவள் சொல்லவில்லை.

இதற்கிடையில் உலகத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. மேங்கின் ஆய்வகத்தில் தூள் ஐந்நூறு தடவை தாங்குகிறது. வேறு இடத்தில் அதே வெப்பம், அதே நேரம், அதே மெதுவான ஆறுதல், ஆனால் இருநூற்றில் சாகிறது. மாநாடுகளில் யாராவது எழுந்து கேட்டால் மேங் சிரிப்பார். “சமையல் மாதிரிதான். கைப்பக்குவம் வேணும்,” என்பார். கூட்டமும் சிரிக்கும். அவருடைய மாணவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் மூன்றாம் எண் உலையின் முன்னால் பன்றித் தலையும் அரிசிப் பணியாரமும் அரிசிக் கள்ளும் படைத்து விழுந்து கும்பிடுவார்களாம். அந்த உலையில் எரிகம்பி மாற்றினார்கள், கதவு மாற்றினார்கள். செங்கல்லை மாற்ற மட்டும் மேங் விடவில்லை, ராசியான உலையாம்.

2016 வசந்தத்தில் ஒரு நாள், தன் நிலையத்துப் புது உலையில் அதே தூளைச் சுனிம் பன்னிரண்டாவது தடவை சுட்டாள். 190-இல் செத்தது. கைப்பக்குவம் என்ற சொல் அப்போது அவளைக் குத்தியது. கை யாருடையது? என்னுடையது. அந்தக் கை இங்கே இருக்கிறது, தூள் சாகிறது. அப்படியானால் கை இல்லை. ஆறுதலும் இல்லை. அந்த உலையில் மட்டும் வேறு ஏதோ இருந்தது. அந்த உலையில் அன்று என்னைத் தவிர வேறு யார் இருந்தது?

சாங்-ஹோ அப்போது தேஜோனில் பொரித்த கோழிக் கடை வைத்திருந்தான். பொறியியல் படித்தவன் எந்தப் பாதையில் போனாலும் முடிவு கோழிக் கடைதான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. தான் குறுக்குவழியில் வந்து சேர்ந்துவிட்டதாக அவன் சொல்லுவான். சுனிம் போனபோது பிற்பகல், எண்ணெய் இன்னும் காயவில்லை.

“அண்ணா, 2002 ஜூலையில மூணாம் உலையில என்ன சுட்டீங்க?”

“இன்னிக்குக் காலையில என்ன சுட்டேன்னே ஞாபகமில்ல, போம்மா.”

“கண்ணாடி உருக்கினீங்க. என்ன கண்ணாடி?”

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். “போரான். போரான் கண்ணாடி.”

“மூசைக்கு மூடி போட்டிருந்தீங்களா?”

“மூடி உடைஞ்சு போச்சு. புதுசு கேட்டா ஐயா திட்டுவாருன்னு திறந்தபடியே வெச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். “அப்போ, பதினாலு வருசமா அந்த ஆளு என் அழுக்கைத்தான் கொள்கைன்னு வித்துக்கிட்டிருக்கானா?”

சூட்டில் போரான் ஆவியாகி, பின்னால் இருந்த அவள் தூளின் மேல் படிந்திருக்கிறது. உலையின் செங்கல்லுக்குள்ளும் ஊறியிருக்கிறது. ஊறியது ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, அடுத்தவன் தூளிலும் படிகிறது. பன்றித் தலையைத் தின்றுவிட்டு அந்த உலை கொடுத்த வரம் அதுதான். தேடாத ஒன்றை எந்தக் கருவியும் காட்டாது. போரானை யாரும் தேடவில்லை.

சாங்-ஹோ உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தான். பதிவேட்டில் எழுதாததை அவன் தன் நோட்டில் எழுதியிருந்தான். ஜூலை 17, மூன்றாம் உலை, போரான், பின்னால் சுனிமின் மூசை. அதே நோட்டின் பின்பக்கங்களில் கோழிக்கான மசாலா அளவுகள்.

தன் உலையில் போரானை முன்னால் வைத்துச் சுனிம் சுட்டுப் பார்த்தாள். தூள் 520 தடவை தாங்கியது. அன்று அவள் அழவில்லை. இன்னொரு காப்பிப் பொட்டலத்தைக் கிழித்தாள்.

உடனே எழுதியிருக்கலாம்தான். ஆனால் போரான் சேர்த்தால் நல்லது என்று எழுதினால் அது இன்னும் ஒரு கட்டுரை. ஆயிரத்தில் ஒன்று. மேங் அதைப் பாராட்டக்கூடச் செய்வார். அவர் சொன்ன காரணமே பொய் என்று நிரூபிக்க, அந்த உலையின் செங்கல் வேண்டும். அந்த ஆய்வகத்துக்குள் அவளால் நுழைய முடியாது. ஓய்வு பெறும் நாளில் உலை வெளியே வரும் என்று கணக்குப் போட்டாள். ஏழு வருடம். நடுவில் 2021-இல் சீனாவிலிருந்து ஒரு குழு போரானை லேசாகத் தொட்டு எழுதியது. அந்த ஒரு மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேங்கைப் புதைக்கிற மண்வெட்டி வேறொருவன் கைக்குப் போய்விடுமோ என்று பயந்தாள். அவர்கள் பக்கத்தில் வந்து விலகிப் போனார்கள்.

இப்போது அழைப்பு வந்துவிட்டது.

ஆகஸ்டு இருபத்தைந்தாம் தேதி மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலிலிருந்து மேடை வரை மூன்றடுக்கு மலர் வளையங்கள், அனுப்பியவர் பெயரோடு நாடாக்கள். நிகழ்ச்சியை நடத்தியவன் ஜே-ஹுன், இப்போது அவனும் பேராசிரியர். மேங்கின் கட்டுரை 9,861 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று அவன் அறிவித்தபோது மண்டபம் கைதட்டியது. 9,863 என்று சுனிம் மனதுக்குள் திருத்தினாள். அன்று காலைதான் பார்த்திருந்தாள். மாணவர்கள் சேர்ந்த வருட வரிசைப்படி நின்று, முழங்கால் மடக்கி, நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். சுனிமும் கும்பிட்டாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக.

பிறகு எல்லோரும் ஆய்வகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனார்கள். மூன்றாம் எண் உலையின் கதவை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். ஆளாளுக்கு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோழிப் பெட்டிகளோடு வந்திருந்த சாங்-ஹோ எல்லோருக்கும் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் குறைகிற வரை சுனிம் பொறுக்கவில்லை. சாட்சி வேண்டும். நாற்பது பேர் இருக்கும்போதே கேட்டாள்.

“ஐயா, இதுல ஒரு செங்கல் எடுத்துக்கட்டுமா? நினைவுக்கு.”

மேங் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “பாருங்க, மிஸ் பியோவுக்கு நம்ம லேப் மேல இன்னும் பாசம் போகலை.” அவள் டாக்டர் ஆகிப் பன்னிரண்டு வருடம். “எடுத்துக்கோ. ஒண்ணு எதுக்கு, ரெண்டா எடுத்துக்கோ.”

“கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா. தேதியோட.”

அவருக்கு அது பிடித்திருந்தது. உலையின் உள்ளே தீயைப் பார்த்திருந்த பக்கத்தில் மை பட்டுவிடாதபடி, சுனிம் செங்கல்லின் வெளிப்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். ‘மூன்றாம் எண் உலை. 2023 ஆகஸ்டு 25. மேங் க்யூ-சிக்’ என்று அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். இரண்டாவதிலும் எழுதினார். செங்கல்லை மார்போடு பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

“ஐயா, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க,” என்றான் சாங்-ஹோ. “எழுத்து தெரியணும்.”

ஜே-ஹுன் மட்டும் சிரிக்கவில்லை. சுனிம் செங்கற்களைப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நினைவுப் பொருளை யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவன் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி பரவியபோது, அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: என் ஆய்வகத்திலும் அந்தத் தூள் ஒருமுறைகூட ஐந்நூறு தாங்கவில்லை, எனக்கும் கைப்பக்குவம் இல்லையென்று ஐயா சொல்லிவிட்டார். சுனிம் பதில் போடவில்லை. இருபது வருடம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆறுதல் சொல்ல அவள் கடமைப்படவில்லை.

செங்கல்லின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தபோது போரான் விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு செங்கல்லிலும். அவற்றின் நடுவே வைத்துச் சுட்ட தூள் 490 தடவை தாங்கியது. மெதுவாக ஆற விட்டாலும் அவ்வளவுதான், வேகமாக ஆற விட்டாலும் அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். மேங்கின் கட்டுரை தவறு என்று சொல்ல, மேங்கின் கட்டுரையைக் குறிப்பிட்டாக வேண்டும். இருபது வருட விரதத்தை முறிக்க வேண்டும், அவர் எண்ணில் ஒன்றைத் தன் கையாலேயே கூட்ட வேண்டும். மூன்று நாள் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு மற்றதையெல்லாம் எழுதினாள். நான்காம் நாள் சதுர அடைப்புப் போட்டு, உள்ளே 14 என்று எழுதினாள், மேற்கோள் பட்டியலில் மேங்கின் வரிசை எண். வெங்காயக் குவியலின் பக்கத்தில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. எழுதுகிற நாள் புதைக்கிற நாள்.

முதல் பெயர் பியோ சுனிம். இரண்டாவது பெயர் குக் சாங்-ஹோ. நிறுவனம் என்ற இடத்தில் கோழிக் கடையின் பெயரைப் போடலாமா என்று அவன் கேட்டான். இதழ்க்காரர்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். கட்டுரையின் பின்னிணைப்பில் முதல் படம், செங்கல்லைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற மேங். அதன் கீழே ஒரு வரி: செங்கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று.

கடைசியில் நன்றி வரி. அதை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் ஆயிற்று. பதினெட்டு தடவை மாற்றி, மிக எளிமையாக முடித்தாள். ‘மூன்றாம் எண் உலையின் செங்கற்களைத் தந்து உதவிய பேராசிரியர் மேங் க்யூ-சிக்குக்கு எங்கள் நன்றி.’

2024 மே கடைசியில் கட்டுரை வந்தது. நான்காம் நாள் மேங் தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. வயதானதாலா, கோபத்தாலா என்று தெரியவில்லை. கொள்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அறிவியலில் இதெல்லாம் நடப்பதுதான் என்றார். படத்தைப் பற்றியும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

“டாக்டர் பியோ, நன்றியில இருந்து என் பேரை எடுத்துடுங்க. திருத்தம் போடலாமில்ல?”

டாக்டர் பியோ. இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவை. சுனிம் அதைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

“உதவி பண்ணினவங்களுக்கு நன்றி சொல்றது நம்ம மரபுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க. நன்றியில பேர் வர்றது சின்ன மரியாதையா? எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

கடைசியாக அவர், என் எண் ஒன்றும் குறையவில்லை, தெரியுமா, ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.

“ஏறட்டும் ஐயா. இனிமே உங்களை எழுதறவன் பக்கத்திலேயே என்னையும் எழுதணும். உங்களைத் தப்புன்னு சொல்லத்தான் எழுதுவான்.”

அவர் வைத்துவிட்டார். அந்த வருடக் கடைசியில் ஒரு காலை சுனிம் வழக்கப்படி எண்ணைப் பார்த்தாள். மேங்குக்கு நான்கு கூடியிருந்தது. அந்த நான்கு கட்டுரைகளையும் திறந்து பார்த்தாள். மூன்றில் அவர் பெயருக்கு அடுத்த எண்ணில் அவள் பெயர். காப்பி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள்.

கட்டுரை வந்த மே மாதம் ஊரில் அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. செய்தி சொன்னதும் அவர் நம்பவில்லை.

“பேரு எங்க இருக்கு?”

“முதல்ல, அப்பா.”

“போன தடவையும் அதான் சொன்னே. அச்சடிச்சதைக் கொண்டா. மொதல்ல நான் பார்க்கறேன், அப்புறம்தான் துணி.”

அடுத்த சனிக்கிழமை சுனிம் தாளைக் கொண்டுபோனாள். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் தன் விரலை அதன் மேல் வைத்து, அதற்கு முன்னால் வேறு பெயர் ஒன்றும் இல்லையா என்று தாளின் இடது ஓரம் வரை தடவிப் பார்த்தார். பிறகு கடைசி வரியைக் காட்டச் சொன்னார். அது யார் பெயர் என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அது நல்ல சிரிப்பு இல்லை.

இரண்டு கம்பத்துக்கு நடுவே மஞ்சள் துணி ஏறியது. பதினேழு நாள் நின்றது. பிறகு பெருமழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். வயல் ஓரத்தில் வெங்காயம் குவிந்து கிடந்தது. அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு போய்த் தானே அவிழ்த்தார். ஊர்த் தலைவர் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று தடுத்ததற்கு, வெங்காயம் நனையக் கூடாதுல்ல என்றார். குவியலின் மேல் துணியை விரித்தார், எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி. நான்கு மூலையிலும் கல் வைத்தார்.